பென்குயின்: எங்கள் வாசிகசாலையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் சுவரில் வெள்ளைச் சீலை கட்டிப் பிள்ளைகளுக்கு இயற்கைப் படங்கள் போடுகிறோம். யானை போட்டோம், திமிங்கிலம் போட்டோம், பார்த்தார்கள், போனார்கள். பென்குயின் போட்ட கிழமையிலிருந்து நிலைமை மாறிவிட்டது. கடைக்குச் சீனி வாங்கப் போனால் கேள்வி, பஸ்ஸுக்கு நின்றால் கேள்வி, பிள்ளைகள் மட்டுமில்லை, கரையில் வலை பொத்துகிற ஐயாமாரும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஆகவே கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே வைக்கிறேன்.

ரீச்சர், பென்குயின் பறவையோ மிருகமோ? எங்கட வகுப்பில ரெண்டு கட்சி.

பறவைதான். அலகு இருக்கிறது, இறகு இருக்கிறது, முட்டை இடுகிறது. படத்தில் உடம்பு வழுவழுப்பாகத் தெரிவதால்தான் மிருகக் கட்சிக்கு இவ்வளவு ஆள் சேர்ந்திருக்கிறது. அது வெறும் தோல் இல்லை; குட்டை இறகுகள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கிக் கிடக்கின்றன. கை போலத் தொங்குவது செட்டை.

மொத்தம் 18 வகை என்று பொதுவாகச் சொல்வார்கள், சில வகைகளைப் பிரிப்பதா சேர்ப்பதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் இழுபறி உண்டு. மிகப் பெரியது எம்பரர், பேரரசர் என்று அர்த்தம். நிமிர்ந்து நின்றால் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம், எடை 40 கிலோ வரை போகும். மிகச் சிறியது அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைகளில் வாழும் குட்டிப் பென்குயின். அது ஏறக்குறைய ஒரு கிலோதான், நம் ஊர்க் கோழியை விடப் பாரம் குறைவு.

பறவை எண்டால் ஏன் பறக்குதில்லை?

பறக்கிறது, தண்ணீருக்குள். படத்தை இன்னொரு தடவை பாருங்கள், தாரா மாதிரிக் காலால் உதைத்து நீந்தாது, செட்டையை அடித்து அடித்துத்தான் போகும். ஜென்ரூ என்ற வகை மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் வரை போகும். ஏ9 வீதியில் சைக்கிளில் இறுக்கி மிதிப்பவரும் அந்த வேகத்தைப் பிடிப்பது கஷ்டம்.

ஆகாயத்துக்கு ஒரு செட்டை வேண்டும், தண்ணீருக்கு வேறொரு செட்டை வேண்டும். இரண்டுக்கும் ஒரே செட்டையை வைத்திருக்கும் பறவைகளும் இருக்கின்றன, ஆனால் அவை பறப்பதற்குச் செலவழிக்கும் சக்தி மிக அதிகம். பென்குயினின் முன்னோர்கள் அந்தச் செலவை விட்டுவிட்டுக் கடலைத் தேர்ந்துகொண்டார்கள். மற்றப் பறவைகளின் எலும்பில் நிறையக் காற்று இருக்கும், இதற்கு எலும்பு கனதி, அந்தப் பாரம் சுழியோட உதவுகிறது. இந்த மாற்றம் நேற்று முந்தநாள் நடந்ததில்லை. நியூசிலாந்தில் கிடைத்த புதைபடிவங்கள் ஆறு கோடி ஆண்டுகள் பழையவை, அப்போதே அவை பறப்பதை விட்டிருந்தன.

தங்கச்சி, நான் அந்தக் காலத்தில மூச்சடக்கிச் சங்கு குளிச்சவன். இது எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கும்?

ஐயா, உங்களுக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. எம்பரர் பென்குயின் வழக்கமாக ஐந்தாறு நிமிடத்தில் மேலே வந்துவிடும். ஆனால் தேவைப்பட்டால் இருபது நிமிடத்துக்கு மேலும் நிற்கும், பதிவான மிக நீண்ட நேரம் 32 நிமிடத்தைத் தாண்டியது. ஆழம் 500 மீற்றருக்கும் மேல். ஆறடி ஒரு பாகம் என்ற கணக்கில் சொன்னால் 270 பாகத்துக்கு மேல் வருகிறது.

நாங்கள் நெஞ்சில் இழுத்த காற்றை நம்பிக் குளிக்கிறோம். அது நெஞ்சில் மட்டுமில்லாமல் இரத்தத்திலும் தசையிலும் நிறைய ஒட்சிசனைச் சேர்த்து வைத்துக்கொண்டு இறங்குகிறது. கீழே போனதும் நெஞ்சுத் துடிப்பைக் குறைத்துவிடும். தசைக்குப் போகும் இரத்தத்தையும் குறைத்து, அந்தந்தத் தசையில் இருக்கும் சேமிப்பையே செலவழிக்க விடும். மேலே வரும்போதும் அவசரப்படாமல் சாய்வாக வரும். வேகமாக மேலே வந்து கை கால் இழுத்துக்கொண்ட சுழியோடிகளை இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும், அதனால் இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஐஸுக்கு மேல வெறுங்காலோட நிக்குதே, கால் விறைக்காதோ?

காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒட்டிப் பின்னிக் கிடக்கின்றன. இறங்குகிற இரத்தம் தன் சூட்டை ஏறுகிற இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, கால் உறையாத அளவுக்கு மட்டும் சூட்டோடு கீழே போகும். அதனால் உடம்புச் சூடு ஐஸுக்கு வீணாகப் போவதில்லை. எம்பரர் இன்னொன்றும் செய்யும்: விரல்களை மேலே தூக்கி, குதிக்காலையும் வாலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும், அப்போது ஐஸில் படும் இடம் இன்னும் குறைந்துவிடும்.

எல்லாப் பென்குயினும் ஐஸிலதானே இருக்கும்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதத் தொடங்கினேன். இல்லை. எம்பரரும் அடேலியும்தான் உண்மையில் அந்தாட்டிக்காவின் ஐஸோடு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டவை, இன்னும் இரண்டு மூன்று வகை அந்தக் கண்டத்தின் ஓரங்களில் குஞ்சு பொரிக்கும். மீதி எல்லாம் ஐஸ் இல்லாத கரைகளில் வாழ்கின்றன. தென்னாபிரிக்காவில் கேப் ரவுணுக்குப் பக்கத்தில் மணலில் ஆட்கள் துவாய் விரித்துப் படுத்திருக்க, பக்கத்தில் பென்குயின் நடந்து போகும். பெருவிலும் சிலியிலும் பாலைவனக் கரையில் இருக்கின்றன. நியூசிலாந்தில் ஒரு வகை மழைக்காட்டு மரவேருக்குள் கூடு வைக்கும். கலாபகோஸ் தீவுகளில் இருப்பது பூமத்திய ரேகையிலேயே வாழ்கிறது, சில அந்த ரேகையைக் கொஞ்சம் தாண்டி வடக்கிலும் இருக்கின்றன.

அப்படியானால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன? கடல். அதிலும் குளிர்ந்த, மீன் மொய்க்கிற கடல். ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலும் தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலும் காற்று மேல்நீரை வெளியே தள்ள, அடியில் கிடக்கும் குளிர்ந்த சத்துள்ள நீர் மேலே எழுந்து வரும். அந்த நீரில் பாசி பெருகும், பாசிக்கு நெத்தலியும் சாளையும் பெருகும், அதற்குப் பின்னால் பென்குயின் வரும். அந்தாட்டிக்காவில் நெத்தலியின் இடத்தில் கிறில், நம் கூனியைக் கொஞ்சம் பெரிதாக்கின மாதிரி. பனிப்பறவை என்று படித்ததை மறந்துவிட்டு, மீன் இருக்கும் கரையில் குடியிருக்கும் கடற்பறவை என்று நினைத்துப் பாருங்கள், மற்றக் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

அப்ப எங்கட கடலுக்கு ஏன் வரேல்லை? எங்களிட்டயும் நெத்தலி இருக்குதுதானே.

நெத்தலி இருக்கிறது, கடல்தான் சூடு. மேலே சொன்ன மாதிரிக் குளிர்ந்த நீர் பெருக்கெடுக்கும் இடங்களில் கிடைக்கும் அளவுக்கு மீன் வெப்பக்கடலில் நெருக்கமாகக் கிடைக்காது, பறக்காமல் நீந்தியே இரை தேடும் பறவைக்கு அது கட்டுபடியாகாது. தெற்கிலிருந்து வடக்கே வர வேலி ஒன்றுமில்லை, இந்தச் சூட்டுத் தண்ணீர்தான் வேலி.

எங்களுக்கு ஆகக் கிட்டிய பென்குயின் எங்கே இருக்கிறது தெரியுமா? இந்து சமுத்திரத்தின் நடுவில் அம்ஸ்ரர்டாம் தீவிலும் அதன் பக்கத்துச் சென் போல் தீவிலும். இங்கிருந்து ஏறக்குறைய 5,200 கிலோமீற்றர் தெற்கே. சிவந்த கண், கண்ணுக்கு மேல் மஞ்சள் மயிர்க்கொத்து, பாறைக்குப் பாறை தத்திப் பாயும் வகை அது. தெய்வேந்திரமுனையிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கீறினால் அந்தாட்டிக்கா வரைக்கும் தரையே கிடையாது. நாங்களும் பென்குயினும் ஒரே கடலின் இரண்டு கரைக்காரர்.

மாமா கனடாவில ஐஸுக்கதான் இருக்கிறார். அங்க பென்குயின் இருக்கோ?

மிருகக்காட்சிச்சாலையில் மட்டும். காட்டுப் பென்குயின் வட துருவப் பக்கம் எங்கேயும் இல்லை, அங்கே இருப்பது துருவக்கரடி. கரடியும் பென்குயினும் கைகோத்து நிற்கும் படம் கொப்பி அட்டையில் வருகிறது, அது நடக்க முடியாத சந்திப்பு.

ஆனால் மாமாவின் நாட்டுக்கும் இந்தப் பெயருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பென்குயின் என்ற பெயர் முதலில் வடக்கு அத்திலாந்திக்கில் வாழ்ந்த வேறொரு பறவைக்குத்தான் இருந்தது. பெரிய ஓக் என்பார்கள், அதுவும் கறுப்பு வெள்ளை, பறக்காது, கனடாவின் நியூபவுண்லாந்துக்குப் பக்கத்துத் தீவுகளில் கூட்டம் கூட்டமாக இருந்தது. மாலுமிகள் இறைச்சிக்கும் இறகுக்கும் எண்ணெய்க்கும் அடித்து அடித்து முடித்துவிட்டார்கள். கடைசிச் சோடியை 1844 இல் ஐஸ்லாந்துக்கு அருகே ஒரு பாறைத்தீவில் கொன்றார்கள். பிறகு தெற்கே போனவர்கள் அதே சாயலில் வேறொரு பறவையைக் கண்டு அதே பெயரை வைத்தார்கள். உறவில் இரண்டும் நெருக்கமில்லை.

ஏன் எல்லாம் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை?

சூரை மீனைப் பாருங்கள், முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. அதே கணக்குத்தான். மேலிருந்து பார்த்தால் கறுப்பு முதுகு ஆழத்தோடு கலந்துவிடும், கீழிருந்து பார்த்தால் வெள்ளை வயிறு வெளிச்சத்தோடு கலந்துவிடும். இரைக்கும் தெரியாது, பென்குயினைப் பிடித்துத் தின்னும் சிறுத்தைச் சீலுக்கும் எளிதில் தெரியாது.

உப்புத் தண்ணியைக் குடிச்சால் அதுக்கு ஒண்டும் செய்யாதோ?

கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது, அது இரத்தத்தில் கூடும் உப்பைப் பிரித்தெடுத்து மூக்கு வழியாக வெளியே விடும். அலகு நுனியில் ஒரு சொட்டு தொங்கும், தலையை உதறிவிடும். தடிமன் பிடித்துவிட்டது என்று ஒரு பிள்ளை கவலைப்பட்டது, அது இதுதான். கிணறு உவராகிப் போன கரையில் இருக்கும் எங்களுக்கு இந்தச் சுரப்பியின் அருமை நன்றாக விளங்கும்.

மீனை அப்படியே விழுங்குதே, ருசி தெரியுமோ?

உப்பும் புளிப்பும் மட்டும் தெரியலாம். இனிப்பு, கசப்பு, இறைச்சி மீனில் வரும் அந்தச் சுவை, மூன்றுக்கும் வேண்டிய மரபணுக்கள் பென்குயினிடம் பழுதாகிவிட்டன என்று 2015 இல் வந்த ஆய்வு சொல்கிறது. நாக்கில் ருசி மொட்டுக்குப் பதிலாக உள்ளே பார்த்த முள்ளு, வழுக்குகிற மீன் திரும்பி வெளியே வராமல் இருக்க.

தேப்பன்தான் அடைகாக்குமாம், உண்மையோ பிள்ளை?

எம்பரரில் உண்மை, அம்மம்மா. தாய் ஒரு முட்டை இட்டு, அதைத் தகப்பனின் காலுக்கு மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் இரை தேடக் கடலுக்குப் போய்விடும். தகப்பன் அந்த முட்டையைப் பாதத்தின்மேல் வைத்து வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு ஏறக்குறைய 65 நாள் நிற்கும். அங்கே அப்போது நடுக்குளிர்காலம், சூரியனே வராத நாட்கள், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் இறங்கும். கடலை விட்டு வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கு மாதம் பட்டினி. எடையில் பாதிக்குக் கிட்ட உருகிப் போய்விடும்.

தனியே நின்றால் செத்துவிடும், அதனால் ஆயிரக்கணக்கான தகப்பன்மார் நெஞ்சோடு முதுகு ஒட்டி நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். கூட்டத்தின் உள்ளே சூடு 37 பாகை வரை ஏறுவதை அளந்திருக்கிறார்கள். சின்னச் சின்ன அடியாகக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், வெளி ஓரத்தில் நின்றவர் உள்ளே போவார், உள்ளே நின்றவர் வெளியே வருவார். தாய் வர முந்திக் குஞ்சு பொரித்துவிட்டால், அவ்வளவு பட்டினியிலும் தகப்பன் தொண்டையிலிருந்து பால் மாதிரி ஒன்றைச் சுரந்து சில நாட்களுக்குக் கொடுக்கும். இதைச் சொன்னபோது அம்மம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

மற்ற வகைகளில் பெரும்பாலும் தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும்.

இத்தனை ஆயிரத்துக்க தன்ர குஞ்சை என்னெண்டு கண்டுபிடிக்கும்?

குரலால். வற்றாப்பளைப் பொங்கலில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் முகத்தைத் தேடுவதை விடப் பேரைச் சொல்லிக் கத்துவாள் அல்லவா, அதுதான். எம்பரருக்குக் கூடே கிடையாது, ‘என் வீடு இது’ என்று போய் நிற்க ஓர் இடமும் இல்லை, ஆகவே அதன் குரல் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். அது ஒரே நேரத்தில் இரண்டு சுரத்தில் கூப்பிடும், அந்த இரண்டும் சேரும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எல்லாக் குரலும் இனிமை என்று நினைக்க வேண்டாம். ஆபிரிக்கப் பென்குயின் கத்துவதை வாசிகசாலையில் போட்டபோது மன்னாரில் பிறந்த ஒருவர் உடனே திரும்பிப் பார்த்தார், அச்சு அசலாகக் கழுதை. அதற்குப் பழைய பெயரும் கழுதைப் பென்குயின்தான்.

கடைசி வரைக்கும் ஒரே சோடியோடதான் இருக்குமாம் எண்டு பேஸ்புக்கில பாத்தனான்.

வகையைப் பொறுத்தது. பல வகைகளில் அதே சோடி அதே கூட்டுக்கு வருடாவருடம் வரும், அதுவும் வீடு தேடி வருவதால் சந்தித்துக்கொள்வதுதான் பாதிக் காரணம். எம்பரருக்கு வீடு இல்லை என்று முன்னமே சொன்னேன், அதில் பெரும்பாலானவை அடுத்த வருடம் வேறு சோடி. குளிர்காலம் தொடங்க முந்திக் குஞ்சு வேலையைத் தொடங்கியாக வேண்டும், வராத துணைக்காக அது காத்திருக்க முடியாது. கல் கொடுத்துக் கலியாணம் கேட்கும் என்ற கதையில் கொஞ்சம் உண்மை உண்டு: அடேலிக்குக் கூடு என்றால் கூழாங்கல் குவியல்தான், கல் கொண்டுவருவது பெரிய விசயம். பக்கத்துக் கூட்டிலிருந்து களவெடுத்தும் கொண்டுவரும்.

முழங்காலே இல்லையோ? ஏன் இப்பிடி ஆடி ஆடி நடக்குது?

முழங்கால் இருக்கிறது, இறகுக்கும் கொழுப்புக்கும் உள்ளே மடிந்து கிடக்கிறது. வெளியே தெரிவது கீழ்ப்பகுதி மட்டும். அந்த ஆட்டம் குட்டைக் காலுக்குச் சக்தியை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அவசரமென்றால் வயிற்றில் விழுந்து சறுக்கிக்கொண்டு போகும்.

நித்திரை கொள்ளுமோ?

நாடியில் கறுப்புக் கோடு போட்ட சின்ஸ்ராப் வகையை அந்தாட்டிக்காவுக்குப் பக்கத்தில் கிங் ஜோர்ஜ் தீவில் வைத்து ஆராய்ந்து, 2023 இல் முடிவை வெளியிட்டார்கள். கூட்டில் காவல் இருக்கும்போது ஒரு தடவைக்கு ஏறக்குறைய 4 செக்கன்தான் கண்ணயரும், ஆனால் ஒரு நாளில் 10,000 தடவைக்கு மேல். கூட்டினால் 11 மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. முட்டை திருடும் பறவை சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் நீட்டி நிமிர்ந்து படுக்க முடியாதே.

ஒண்டு வாங்கி இரணைமடுவில விட்டால் வளராதோ?

வளராது. அது கடற்பறவை, குளம் போதாது. வெயிலைத் தாங்கும் வகைகள் உண்டு, ஆபிரிக்கப் பென்குயினுக்குக் கண்ணுக்கு மேல் உள்ள இளஞ்சிவப்புத் தோல் சூட்டை வெளியேற்றுகிறது, ஆனால் அதற்கும் வெயிலேறினால் பக்கத்திலேயே குளிர்ந்த கடல் வேண்டும். மும்பாய் மிருகக்காட்சிச்சாலையில் 2016 முதல் ஹம்போல்ட் பென்குயின்கள் இருக்கின்றன, குளிரூட்டிய அறைக்குள்தான். பாலைவனக் கரையில் வாழும் வகைக்கே அந்த நிலைமை.

ஐஸ் உருகினால் எம்பரர் என்ன செய்யும்? ஐஸ்தான் தேவையில்லை எண்டீங்களே.

நல்ல பிடி. பென்குயின் எல்லாவற்றுக்கும் ஐஸ் தேவையில்லை என்றுதான் சொன்னேன், எம்பரருக்குக் கடல்மேல் உறையும் ஐஸ்தான் குஞ்சு வளர்க்கும் தரை. குஞ்சுக்கு முதலில் இருப்பது பஞ்சு மயிர், நீர் புகாத இறகு பிறகுதான் வரும். அதற்கு முன் ஐஸ் உடைந்தால் குஞ்சு தண்ணீரில் தாழ்ந்துவிடும் அல்லது விறைத்துச் சாகும். 2022 இல் அந்தாட்டிக்காவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் அப்படித்தான் நடந்தது, அங்கே இருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் அந்த வருடக் குஞ்சுகள் தப்பவில்லை என்று செய்மதிப் படங்களிலிருந்து முடிவுக்கு வந்தார்கள்.

அப்ப ஆபிரிக்காவில ஏன் குறையுது? எங்களைப்போல மீன்பிடிக்கிற ஆக்களைத்தான் குற்றம் சொல்லுவினம்.

ஒரு காரணம் மட்டும் இல்லை, அண்ணை. முதலில் முட்டையை லட்சக்கணக்கில் எடுத்து விற்றார்கள். பிறகு அவை குழி தோண்டிக் கூடு வைத்த பழைய பறவை எச்சப் படிவையே உரத்துக்கு வாரிக்கொண்டு போனார்கள், கூடு வெயிலில் திறந்து கிடந்தது. இப்போது சாளையும் நெத்தலியும் இடம் மாறுகின்றன, மிஞ்சியதைப் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் அள்ளுகின்றன. 2024 இல் ஆபிரிக்கப் பென்குயின் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது, 10,000 சோடிக்கும் குறைவு. 2025 இல் ஆறு குடியிருப்புகளைச் சுற்றி அந்தக் கப்பல்களுக்குப் பத்து வருடத் தடை வந்தது. அது பறவைப் பாதுகாப்பு அமைப்புகளும் மீன்பிடி நிறுவனங்களும் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்ட எல்லை. சின்னப் படகோடு கரைவலை இழுப்பவரையும் தொன் கணக்கில் அள்ளும் கப்பலையும் ஒரே தராசில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எண்ணெய் பட்ட பென்குயினைக் கழுவுற படம் பாத்தனாங்கள். அதுகள் பிழைச்சதுகளோ?

2000 ஆம் ஆண்டு யூன் மாதம் ரெஷர் என்ற கப்பல் கேப் ரவுணுக்கு அருகே மூழ்கி எண்ணெய் கசிந்தது. ரொபன் தீவு, டாசன் தீவு என்று ஆபிரிக்கப் பென்குயினின் முக்கியக் குடியிருப்புகளுக்கு நடுவில். எண்ணெய் பட்டால் இறகின் ஓட்டுக்கூரை கலைந்து குளிர்நீர் உள்ளே போய்விடும். ஏறக்குறைய 19,000 பறவைகளை ஒரு பெரிய கொட்டகைக்குக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கையால் மீன் ஊட்டி, ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். பத்தில் ஒன்பது பிழைத்தது.

எண்ணெய் இன்னும் படாத கிட்டத்தட்ட 19,500 பறவைகளைப் பெட்டிகளில் அடைத்து லொறியில் ஏற்றி, ஏறக்குறைய 800 கிலோமீற்றர் கிழக்கே போட் எலிசபெத் கரையில் விட்டார்கள். அவற்றில் மூன்றுக்குச் செய்மதிக் கருவி பூட்டி, பீற்றர், பமேலா, பேர்சி என்று பெயரும் வைத்தார்கள். மூன்றும் நீந்தி நீந்திச் சில வாரங்களில் தங்கள் தீவுகளுக்குத் திரும்பி வந்தன.

பிள்ளை, அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டும் ஏன் திரும்பி வந்ததுகள்? அங்கயும் கடல்தானே.

ஆச்சி இதைக் கேட்டபோது வாசிகசாலையில் ஒருவரும் கதைக்கவில்லை. பதில் இதுதான் ஆச்சி: கூடு வைத்த பென்குயின் அந்த இடத்தை விடாது, பல வேளை அதே கூட்டுக்குத்தான் போகும். கொண்டுபோனவர்களுக்கும் அது தெரியும். அவை திரும்பி வரும் என்று நம்பித்தான் அவ்வளவு தூரத்தில் விட்டார்கள், நீந்தி வருவதற்கு எடுக்கும் நாட்களுக்குள் கரையைத் துப்புரவாக்கிவிடலாம் என்பது கணக்கு. அதன்படியே அவை வந்து சேரும்போது எண்ணெயில் பெரும்பகுதி அகற்றப்பட்டிருந்தது.

பிள்ளைகள் வாசிகசாலை உலகப்படத்தில் போட் எலிசபெத்திலிருந்து டாசன் தீவு வரை கரையோரமாகச் சிவப்பு நூல் ஒட்டியிருக்கிறார்கள். ஆச்சிக்கு எழுத்து வாசிக்கக் கண் தெரியாது, வரும்போதெல்லாம் நூலை விரலால் தடவிக்கொண்டு போய் அந்தத் தீவில் நிறுத்துவார்.